தொட்டால் முடிந்தது

இதுவா? ஸ்டாப் வாட்ச் தம்பி. ரிட்டயர் ஆன மனுசன் கழுத்துல எதுக்கு இதுன்னு பாக்குறீங்க. பார்க்கிறவங்க எல்லாரும் கேக்கத்தான் செய்வாங்க. நான் பி.டி. வாத்தியாரு. ராஜாமணின்னு பேரு. முப்பது வருஷம் பிள்ளைங்களை ஓடவிட்டு, நீந்தவிட்டு இதையே அமுக்கிக்கிட்டு இருந்தவன். கழட்டி வச்சா கழுத்து வெறிச்சுன்னு இருக்கு.

அந்தப் பையைக் கீழ வச்சிட்டுக் காலை நல்லா நீட்டிக்கங்க. மதுரை வரைக்கும்தானே? நாங்களும் மதுரைதான். நாங்கன்னா, அந்தா பாருங்க, டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டு, ஜன்னலோரம், மெரூன் சேலை. அதுதான் எங்க வீட்டம்மா. வசுமதி. ராமேஸ்வரத்துல ஏறும்போது சேந்தாப்புல இடம் கிடைக்கலை. கிடைச்சிருந்தாலும்... சரி, அதை விடுங்க.

உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்றேன். முழுசாக் கேட்டுட்டு நான் செஞ்சது சரியா தப்பான்னு ஒரே வார்த்தையில சொல்லணும். இதுவரைக்கும் கேட்டவங்க எல்லாரும் சரின்னுதான் சொல்லியிருக்காங்க. பல் டாக்டர் சொன்னாரு. எல்.ஐ.சி. ஏஜெண்டு சொன்னாரு. போன மாசம் கேஸ் அடுப்பு ரிப்பேருக்கு வந்தவர்கூட, "வேற யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க சார்"னு சொல்லிட்டுப் போனாரு. இருந்தாலும் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னைக்கு எனக்கு மனசு சரியில்லை.

அங்க உக்காந்திருக்காளே, அவ சாதாரண ஆளு இல்ல தம்பி. இருபத்தாறு வயசுல கடலுக்கு அந்தப் பக்கம் தலைமன்னார்ல இறங்கி நீந்தி இந்தப் பக்கம் அரிச்சல்முனையில கரையேறினவ. முப்பது கிலோமீட்டர். சும்மா இல்ல. அந்த நீச்சலுக்குத்தான் ரயில்வேயில வேலை குடுத்தாங்க. அப்ப எனக்கு அவளைத் தெரியாது. பேப்பர்ல போட்டோ பாத்திருக்கேன், அவ்வளவுதான். மூணு வருஷம் கழிச்சுப் பொண்ணு பாக்கப் போனா, அந்தப் போட்டோவுல இருந்தவளே காப்பித் தட்டோட வந்து நிக்கிறா. நான் நீச்சல் சொல்லிக் குடுக்கிற வாத்தியாருன்னு தெரிஞ்சதும், முதல் கேள்வியே, "கடல்ல நீந்தியிருக்கீங்களா?"

இல்லைன்னேன். எனக்கு எல்லாம் நீச்சல்குளம்தான். அம்பது மீட்டரு, நீலக் கோடு, சுவத்துல கடிகாரம். அன்னைக்கு வரைக்கும் கடல்ல முழங்காலுக்கு மேல நான் இறங்கினதில்லை. அதனால என்ன? நேரம்கிறது எங்க ஓடினாலும் நேரம்தானே.

அந்த முதல் நீச்சலுக்குப் பன்னெண்டு மணி நேரம் நாப்பது நிமிஷம். கடைசி ரெண்டு மணி நேரம் கரையைக் கண்ணால பாத்துக்கிட்டே அடிச்சிருக்கா. கரைகிட்ட நீவாடு எதிர்த்துச்சாம். நீவாடுன்னா கடல் நீரோட்டம், அந்தப் பக்கத்து மீனவர்கள் அப்படித்தான் சொல்லுவாங்க. இவ வயசு வேகத்துல அதோட மல்லுக்கட்டியிருக்கா. ரெண்டு மணி நேரம் அடிச்சும் இருந்த இடத்துலயே இருந்திருக்கா. கடைசியில நீவாடு தானாத் திரும்பி இவளைக் கொண்டுபோய்க் கரையில போட்டிருக்கு. நாலு பேரு தூக்கிட்டுப் போனாங்களாம். இதை அடிக்கடி சொல்லிச் சிரிப்பா. "அன்னைக்கு எனக்குக் கை இருந்துச்சு, அறிவு இல்ல"ம்பா.

நாப்பத்தஞ்சு வயசுல ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது, "இன்னொரு தடவை போகணும்"னா.

எங்கன்னு கேட்டேன்.

"தலைமன்னாருக்கு."

நான் வேண்டாம்னு சொல்லலை தம்பி. அதை நீங்க குறிச்சுக்கணும். ஊரே சிரிச்சுச்சு. அவ அண்ணன் வந்து, "இந்த வயசுல காசிக்குப் போகலாம், கடலுக்குப் போவாங்களா?"ன்னு கேட்டாரு. நான்தான் அவளுக்காகப் பேசினேன். ரெண்டு வருஷம் காலையில நாலரை மணிக்கு எந்திரிச்சு அவளைக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போனவன் நான். ரெண்டு நாட்டு அனுமதிக்கும் அலைஞ்சவன் நான். பதினோரு மாசம். இ.சி.ஜி., டிரெட்மில்லு எல்லா டெஸ்ட்டும் நான்தான் கூட்டிட்டுப் போனேன்.

ஆனா நேரம் பொய் சொல்லாதுல்ல. இருபத்தாறு வயசுல நூறு மீட்டரை ஒரு நிமிஷம் ஒம்பது செகண்டுல போனவ, நாப்பத்தேழுல ஒரு நிமிஷம் பத்தொம்பது. நூறு மீட்டருக்குப் பத்து செகண்டு போச்சு. முப்பது கிலோமீட்டருக்கு அம்பது நிமிஷம் கூடுதல். பழைய நேரத்தோட அதைச் சேத்தாப் பதிமூணரை மணி நேரம். இதைத் தாள்ல எழுதி அவகிட்டக் காட்டினேன். பாத்துட்டு, "இதுல கடலு எங்க இருக்கு?"ன்னு கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

கேலி இல்ல தம்பி, பயம். எங்க ஸ்கூல்ல ஜெபராஜ்னு ஒரு வாத்தியாரு. நாப்பத்தொம்பது வயசு. அவ நீந்துறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி பேட்மிண்டன் ஆடிக்கிட்டு இருந்தவரு, சர்வீஸ் போடக் கையைத் தூக்கினாரு. தூக்கின கையோட விழுந்தாரு. பக்கத்துலதான் நின்னேன். ஓடிப்போய்த் தொடுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அதை யார்கிட்டயும் அதிகம் பேசலை. வசுகிட்டயும் பேசலை. அவளுக்கு எதுக்கு அந்தக் கவலை?

இப்ப நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்க. இந்த நீச்சல்ல ஒரு சட்டம் இருக்கு. கூட ஒரு போட்டு வரும். சாப்பாடு, தண்ணி எல்லாம் நீளக் குச்சியில கிண்ணம் கட்டி நீட்டணும். நீந்துறவங்க போட்டைப் பிடிக்கக் கூடாது. போட்டுல இருக்கிறவங்க நீந்துறவங்களைத் தொடக் கூடாது. ஒரு விரல் பட்டாப் போதும், அத்தோட நீச்சல் முடிஞ்சது. இருபத்தொம்பதாவது கிலோமீட்டர்னாலும் சரி, கரைக்குப் பத்தடி இருந்தாலும் சரி. தொட்டா முடிஞ்சது.

முந்தின நாள் மத்தியானம் சாப்பிடும்போது அவ ஏதோ விளக்கினா. தட்டுல சோத்தை ஒரு பக்கமா ஒதுக்கி, அது அரிச்சல்முனைன்னா. ரசத்தைச் சாய்ச்சு, இப்படி ஓடும், இங்க வந்ததும் எதிர்க்கும், அப்ப நான் மெதுவா... அப்படின்னு என்னென்னமோ சொன்னா. நான் மறுநாள் அவ குடிக்கிற பாட்டிலுக்கெல்லாம் நம்பர் ஒட்டிக்கிட்டு இருந்தேன். எத்தனாவது மணிக்கு எதுங்கிறதுல ஒண்ணு மாறினாலும் வயித்தைப் பிரட்டிரும்ல. ம், ம்னு கேட்டுக்கிட்டேன்.

காலையில அஞ்சு மணி பத்து நிமிஷத்துக்கு இறங்கினா. போட்டுல நான், போட்டு ஓட்டுற இன்னாசிமுத்து அண்ணன், நீச்சல் சங்கத்துல இருந்து பார்வையாளரா ஒரு அம்மா, எஞ்சினுக்கு ஒரு ஆளு. என் வேலை எண்றது. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை கை போடுறான்னு எண்ணணும். அறுபத்தி நாலு. முதல் மணி அறுபத்தி நாலு, அஞ்சாவது மணி அறுபத்தி நாலு. கடிகாரமே கையா முளைச்ச மாதிரி அடிச்சா தம்பி. சின்ன வயசுல எழுபத்திரெண்டு அடிச்சுக் கிளம்பி, பாதியிலயே அம்பத்தஞ்சுக்கு விழுந்தவ அவ. அது பழைய ரிப்போர்ட்டுல இருக்கு. இப்ப ஒரே சீரா அடிக்கிறா. நடுவுல நேராப் போகாம வடக்கே கொஞ்சம் ஒதுங்கினா. நான் கத்துறேன், வழி தப்புறான்னு. இன்னாசிமுத்து அண்ணன், "விடுங்க சார், அந்தம்மா தண்ணியைப் பாத்துப் போகுது"ன்னாரு. அரை மணி நேரத்துல பாத்தா, தண்ணியே அவளைத் தள்ளிக்கிட்டுப் போகுது.

ஒம்பதரை மணி நேரம் ஆச்சு. கரைக்கு இன்னும் எவ்வளவு இருந்துச்சுங்கிறீங்க? ஒண்ணரை கிலோமீட்டர். என் கணக்குப்படி இன்னும் எட்டு ஒம்பது கிலோமீட்டர் இருக்கணும். இருபத்தாறு வயசுல எடுத்ததைவிட ரெண்டு மணி நேரம் முன்னாடி முடிச்சிருப்பா. நாப்பத்தேழு வயசுல! வேற யாரா இருந்தாலும் சந்தோசப்பட்டிருப்பாங்க. எனக்குப் பயம்தான் வந்துச்சு. இந்த உடம்புல இல்லாத வேகம் எங்க இருந்து வந்துச்சு? இருக்கிறது எல்லாத்தையும் செலவழிச்சுட்டா, இனி விழுவான்னு நினைச்சேன்.

நினைச்ச மாதிரியே கை குறைஞ்சுச்சு. அறுபத்தி நாலு அம்பத்தஞ்சு ஆச்சு. அப்புறம் நாப்பத்தெட்டு. மறுபடி எண்ணினேன், நாப்பத்தெட்டு. ஜி.பி.எஸ்.ஸைப் பாத்தா, ஒண்ணரை கிலோமீட்டர். பத்து நிமிஷம் கழிச்சும் ஒண்ணரை. இருபது நிமிஷம் கழிச்சும் அதே ஒண்ணரை. கை போகுது, ஆளு நகரலை. கரையில நிக்கிற வேனு, கார் எல்லாம் தெரியுது. மேளம்கூட ஏற்பாடு பண்ணியிருந்தாங்க.

"வசு! முடியலையா?"ன்னு கத்தினேன்.

முகத்தைத் திருப்பினா. "இருங்க"ன்னா. அவ்வளவுதான். மறுபடி தண்ணிக்குள்ள போயிட்டா.

முடியாதவங்க அப்படித்தான் தம்பி சொல்லுவாங்க. முடியலைன்னு வாயைத் திறந்து எவன் சொல்லுவான்?

இன்னாசிமுத்து அண்ணன், "சார், கொஞ்சம் பொறுங்க. நீவாடு திரும்பப் போகுது. அந்தம்மா அதுக்குத்தான் நிக்குது"ன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம். "யோவ், உனக்குப் போட்டு தெரியும், அவ உடம்பு தெரியுமா? பதினெட்டு வருஷமா நான் பாக்குறேன்"னு கத்திட்டேன். பார்வையாளர் அம்மா மணியைப் பாத்துக் குறிச்சுக்கிட்டு இருந்தாங்க. நாப்பது நிமிஷம் தம்பி. நாப்பது நிமிஷம் நாப்பத்தெட்டு, நாப்பத்தெட்டு, நாப்பத்தெட்டு. அப்ப அவ கை மேல வந்துச்சு பாருங்க, ஒரு கை, தூக்கின கை. எனக்கு ஜெபராஜ் வாத்தியாரோட கைதான் தெரிஞ்சுச்சு.

குனிஞ்சேன். பிடிச்சேன்.

மணிக்கட்டைத்தான் பிடிச்சேன். நல்லா இறுக்கிப் பிடிச்சேன்.

அவ முதல்ல என்னைப் பாக்கலை. அவ கையைப் பாத்தா. அதுமேல இருக்கிற என் கையைப் பாத்தா. அப்புறம்தான் என் முகத்தைப் பாத்தா. அழுகை இல்ல, சண்டை இல்ல. ஏணியைப் பிடிச்சுத் தானாவே ஏறினா. யாரும் தூக்கலை. துண்டை வாங்கித் தலையைத் துவட்டினா. "மணி என்ன?"ன்னு கேட்டா. நாடி பிடிச்சுப் பாத்தேன், எம்பத்தெட்டு. அது... ஏறின கொஞ்ச நேரத்துல குறைஞ்சிருக்கும். இல்லையா? குறையும்ல?

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ம், இன்னாசிமுத்து. அந்த ஆளு செஞ்சதைத்தான் என்னால இன்னைக்கு வரைக்கும் மன்னிக்க முடியலை. எஞ்சின் நீவாட்டை எதிர்த்து மெதுவா ஓடிக்கிட்டு இருக்கு. ஒரு பதினஞ்சு நிமிஷம் போயிருக்கும். எந்திரிச்சு வந்து எஞ்சினை நிப்பாட்டினாரு. ஏன்யான்னு கேட்டேன். "பாருங்க சார்"னாரு. போட்டு தானா நகருது. எஞ்சின் இல்ல, துடுப்பு இல்ல, ஒண்ணும் இல்ல. கரையைப் பாத்து நேராப் போகுது. அரிச்சல்முனைக்கே எங்களைக் கொண்டுபோகுது. கரையில மேளம் அடிக்க ஆரம்பிச்சுட்டான். அவனுக்கு என்ன தெரியும்?

வசு போட்டோட நுனியில உக்காந்து தண்ணியைப் பாத்துக்கிட்டே வந்தா.

இதுக்கு என்ன சொல்றது? ஒரு பதினஞ்சு நிமிஷம். இந்தப் பதினஞ்சு நிமிஷத்துல அவ போயிருந்தா? ஜெபராஜ் மாதிரி போயிருந்தா? நான் யாரைக் கேக்குறது? உசிரா, நீச்சலான்னு வந்தா எந்தப் புருசனும் உசிரைத்தானே பிடிப்பான்? இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். எல்லாரும் சரின்னுதான் சொல்றாங்க.

நீங்க ஒண்ணும் சொல்லலையே. சரி, கேளுங்க. முடியலை இன்னும்.

அதுக்கப்புறம் மூணு வருஷமா அவ தண்ணியில இறங்கலை. குளத்துலயும் இல்ல, கடல்லயும் இல்ல. தொப்பி, கண்ணாடி எல்லாத்தையும் பரண்ல போட்டுட்டா. வீட்டுல சண்டை கிண்டை எதுவும் கிடையாது. சமைப்பா, பேசுவா, ரேஷன் கடைக்குப் போவா, கல்யாணம் காட்சிக்கு வருவா. முட்டுவலின்னு சொல்லி ஹாலுல கட்டில் போட்டுப் படுத்துக்கிட்டா. காப்பியை என் கையில குடுக்க மாட்டா, மேஜையில வைப்பா. நான் எடுத்துக்குவேன். ரோடு தாண்டும்போது கையை நீட்டினா, பையை இந்தத் தோள்லருந்து அந்தத் தோளுக்கு மாத்துவா. வயசாச்சுன்னா அப்படித்தான்னு நினைச்சேன். நெஜமாவே அப்படித்தான் நினைச்சேன் தம்பி.

இன்னைக்கு எங்க அப்பாவுக்குத் திதி. அதுக்குத்தான் வந்தோம். அக்னி தீர்த்தக் கடற்கரையில ஐயரு எல்லாத்தையும் முடிச்சுட்டு, "தம்பதியாக் கையைப் பிடிச்சுக்கிட்டு மூணு முழுக்குப் போடுங்கோ"ன்னாரு. நான் இடுப்பளவுத் தண்ணியில நின்னு கையை நீட்டுறேன். இவ கரையில நிக்கிறா. பக்கத்துல ஜனமாக் கிடக்கு. ஐயரு மறுபடி, "கையைப் பிடிச்சுக்கோங்கோம்மா"ங்கிறாரு.

வசு அவரைப் பாத்துச் சிரிச்சா. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னா. "கடல்ல வச்சு அவர் என்னைத் தொட்டா எல்லாம் முடிஞ்சிரும் சாமி"ன்னா.

ஐயருக்குப் புரியலை. "நல்லதுதானேம்மா, பாவம் எல்லாம் முடிஞ்சிரும்"னுட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிட்டாரு. அவ ஒரு சொம்புல தண்ணி மோந்து தலையில தெளிச்சுக்கிட்டா. நான் தனியா முங்கினேன். மூணு தடவை. தண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். வெளியில வர மனசு வரலை.

மூணு வருஷத்துல அதைப் பத்தி அவ பேசின முதல் வார்த்தை அதுதான். அதுவும் என்கிட்ட இல்ல. நானும் கேட்டதில்லை தம்பி. ஊரெல்லாம் கேட்டேன், பல் டாக்டர்கிட்டக் கேட்டேன், கேஸ் அடுப்புக்காரர்கிட்டக் கேட்டேன். அவகிட்ட ஒருநாளும், "அன்னைக்கு உனக்கு முடிஞ்சிருக்குமா வசு?"ன்னு கேக்கலை. கேட்டா, முடிஞ்சிருக்கும்னு சொல்லிருவாளோன்னு.

என்ன, பஸ்ஸு நின்னுருச்சு? பாம்பன் பாலமா? அப்ப நின்னதுதான். பாலத்துல வண்டியை ஓரங்கட்டிட்டு இறங்கி போட்டோ எடுப்பாங்க. எடுத்து முடிச்சாத்தான் வழி. கடல் வந்துருச்சுல்ல, அவ தூங்கியிருப்பா. இந்தப் பாலத்துல எப்ப வந்தாலும் அவ தூங்கிருவா. நானே பாத்திருக்கேன், கண்ணை மூடித் தலையைச் சாய்ச்சுக்குவா.

என்ன சொல்றீங்க? தூங்கலையா?

எங்க, கொஞ்சம் நகருங்க. நான் இங்கேருந்து பாக்குறேன். சாஞ்சு பாத்தா ஒரு பக்க முகம் தெரியுது, கண்ணு மூடித்தான் இருக்கு. ஆமா... கை. ஜன்னல் கம்பியில கையைத் தட்டுறா. வலது கை ஒண்ணு, மடியில இடது கை ஒண்ணு. மாத்தி மாத்தித் தட்டுறா. எவ்வளவு நாளா இதைச் செய்றாளோ. பின்னாடி உக்காந்தாத்தானே தெரியும். நான் எப்பவும் பக்கத்துலதானே உக்காருவேன், பக்கத்துல இருக்கும்போது கையை முந்தானைக்குள்ள வச்சுக்குவா.

ஒரு நிமிஷம் இருங்க. பேசாதீங்க. அமுக்கிட்டேன்.

...

இருபத்தி மூணு, இருபத்தி நாலு. அரை நிமிஷம்.

இன்னொரு தடவை எண்ணுறேன். தப்பா எண்ணியிருப்பேன். நீங்களும் மனசுக்குள்ள எண்ணுங்க.

...

நாப்பத்தெட்டு.

உங்களுக்கும் அதானா?

அவளுக்கு இப்ப என்ன களைப்பு தம்பி? சீட்டுலதானே உக்காந்திருக்கா. வேர்வை இல்ல, மூச்சு வாங்கலை. பஸ்ஸு எப்ப கிளம்பும்னு காத்துக்கிட்டு இருக்கா, அவ்வளவுதான். அவ காத்துக்கிட்டு இருந்தா நாப்பத்தெட்டு. அன்னைக்கும் காத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா. இருங்கன்னு சொன்னாளே. என் முகத்தைப் பாத்துச் சொன்னாளே தம்பி. முந்தின நாளு சோத்தையும் ரசத்தையும் வச்சுச் சொன்னாளே. பொம்பளை இருபத்தோரு வருஷம் அந்தக் கடலை மனசுக்குள்ள வச்சுப் படிச்சிருக்கா. நான் ம், ம்னு பாட்டிலுக்கு நம்பர் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

வேண்டாம். சொல்லாதீங்க. சரின்னு நீங்க சொல்ல வேண்டாம். எனக்கு அழுகையா வருது, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க.

கொஞ்சம் எந்திரிச்சு வழி விடுறீங்களா? இந்த வாட்ச்சை உங்க மடியில வச்சுட்டுப் போறேன், அப்புறம் வந்து வாங்கிக்கிறேன். இல்ல, பஸ்ஸு கிளம்பினாலும் பரவாயில்ல, கம்பியைப் பிடிச்சுக்குவேன். அவ சீட்டுக்குப் பக்கத்துல போய் நிக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டுட்டு நிக்கிறேன். பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நிக்கிறேன்.

தொட மாட்டேன் தம்பி.